பூச்சும் புசிப்பும்

சங்கரன்கோவிலினின்று இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையிற் கரிவலம்வந்தநல்லூர் என்னும் பழம்பதி உளது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியர், அவர்தம் உறவினராகிய வரதுங்கராம பாண்டியர் என்னும் புலவேந்தர் இருவர் பெயரோடும் பிணைந்த ஊர் அஃது. ஆண்டுக் கோயில்கொண்ட இறைவர்க்குப் பால்வண்ணநாதர் என்றும், இறைவிக்கு ஒப்பனையம்மை என்றும் பெயர். யான் கிறித்தவக் குடியிற் பிறந்தேனாயினும், என் தந்தையார் பிறந்த ஊர் அதுவேயாதலின், விடுமுறைதோறும் அக்கோபுரத்தைக் கண்டே வளர்ந்தேன். ஒப்பனை என்னுஞ் சொல் அலங்காரத்தைக் குறிக்கும் என்று வகுப்பிற் கற்பதற்கு முன்னரே, அது ஒரு தாயின் பெயர் என்று அவ்வூர்த் தெருவில் அறிந்தேன். இக்கட்டுரையும் ஒப்பனையைப் பற்றியதே. ஆயின் அழகைப் பற்றியதன்று. ஒப்பனைப் பொருள்களைக் கண்டு எங்கள் வீட்டில் ஒருத்தி கொண்ட அச்சத்தையும், அவ்வச்சத்தை வளர்த்ததில் எனக்கிருந்த பங்கையும் பற்றியது.

என் பெரிய தந்தையார் இராணுவத்திற் பணியாற்றியவர். அவர் மகளாகிய அக்காள் சலந்தரிலும் அம்பாலாவிலும் வளர்ந்தாள். காலையிற் பராட்டா, இரவிற் சப்பாத்தி; அந்நாட்டுப் பிள்ளைகள் உண்பதையே இவளும் உண்டாள். பதினான்காம் வயதில் அவள் பத்து வயதுச் சிறுமிபோல் தோன்றினாள். இரும்புச்சத்து மருந்து எத்துணை உட்கொண்டும் சோகை நீங்கவில்லை. வயிறு ஒருநாட் கட்டும், ஒருநாட் கழியும். ஆண்டிருந்த மருத்துவர் ஒருவர் ஐயுற்றுக் குருதியைச் சோதித்து, பின்னர்ச் சிறுகுடலினின்று ஒரு துணுக்கையும் எடுத்துச் சோதித்து, இது சீலியாக் நோய் என்று தெளிவித்தார். கோதுமையை அறவே விலக்கினர். ஓராண்டிற்குள் அவள் நான்கு விரற்கடை வளர்ந்தாள். பெரிய தந்தையார் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, சோறும் இட்டிலியும் உண்ணும் நாட்டிற்கு வந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றே எல்லோரும் எண்ணினோம்.

எண்ணியது பிழையாயிற்று. மூன்றாண்டுகட்கு முன் பழைய வயிற்றுநோய் மெல்லத் தலைகாட்டிற்று. கோதுமையைக் கண்ணாலும் காணாதவளுக்கு இஃது எங்ஙனம் வந்தது? அக்காள் கேட்டாள்; யான் தேடினேன். தேடிய இடத்தில், முகப்பூச்சிலும் கூந்தற் கழுவியிலும் சோப்பிலும் உடம்பிற் பிடித்துவிடும் எண்ணெயிலுங்கூடக் கோதுமைச் சத்துக் கலந்துள்ளதென்றும், இந்நோயுடையார் அவை யாவற்றையும் தவிர்த்தல் வேண்டுமென்றும் எழுதியிருந்தது. எழுதினார் யார், எந்நூல் கற்றார் என்று ஆராயாமல், அப்பட்டியலை நகலெடுத்து அவள் கையிற் கொடுத்தவன் யானே.

நிற்க. இந்நோயின் இயல்பைச் சிறிது கூறினாலன்றி மேற்கூறுவன விளங்கா. கோதுமை, பார்லி எனப்படும் வாற்கோதுமை, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் ஆகிய மூன்றிலும் ஒருவகைப் புரதம் உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் குளூட்டன் என்பர். தமிழிற் பசையம் என்னலாம். இப்பெயரின் பொருத்தத்தை அறிய விரும்புவார் செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டாக் கடைமுன் சிறிது நேரம் நிற்பாராக. மாவு உருண்டையை வீசவீசக் கிழியாமல் துணிபோல் விரிகின்றதே, அவ்விழுவை பசையத்தாலாயது. பெரும்பாலார்க்கு இஃது உணவு. சிலர்க்கோ, இது சிறுகுடலை அடைந்ததும், உடம்பின் காவற்படை பகையென்று கருதிப் போர் தொடுக்கின்றது. அப்போரில் அழிவது பகையன்று, குடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய விரல்போன்ற உறிஞ்சிகளே. உண்டது உடம்பிற் சேராது. சோகையும் எலும்பு மெலிவும் பிறவும் தொடரும். 1888-இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயின் குறிகளைத் தெளிவாக எழுதினார்; உணவைத் திருத்துவதே மருந்தாகுமென்றும் உணர்ந்தார்; எவ்வுணவென்று அறிந்திலர். அதனை அறிந்தவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கோதுமை அருகியபோது இந்நோயுற்ற குழந்தைகளின் நிலையும், ரொட்டி மீண்டபோது அவர்கள் மீண்டும் நலிந்ததும் அவர் கொண்டிருந்த ஐயத்தை வலியுறுத்தின. 1950-இல் அவர் தம் ஆய்வுரையை வெளியிட்டார்.

நம் நாட்டு நிலை யாது? 2016-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்னும் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தது. இந்நோய்க்குரிய குருதிக்குறி வடக்கில் நூற்றுக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 என்னும் விழுக்காட்டிற் காணப்பட்டது. அவ்வாய்வின் மற்றொரு முடிபு என்னை மிகுதியும் வியப்பித்தது. இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக் கூறு வடக்கில் 38.1 விழுக்காட்டினர்க்கும் தெற்கில் 36.4 விழுக்காட்டினர்க்கும் உண்டாம். விதை இருபாலும் ஏறக்குறைய ஒன்றே. வேற்றுமை உணவில் உளது: வடக்கில் ஒருவர் நாடோறும் உண்ணும் கோதுமை சராசரி 455 கிராம்; தெற்கில் 25 கிராம். இன்று நம் சிற்றூர்களிலும் இரவுணவு பரோட்டாவாகவும், நீரிழிவுக்கு அஞ்சினார் வீட்டிற் சப்பாத்தியாகவும் மாறிவருதலின், இவ்வேற்றுமை இப்படியே நிற்குமென்று கருதுதற்கில்லை. அஃதெவ்வாறாயினும், தெற்கில் இந்நோய் அரிதாக இருப்பதால் நோயுற்றார்க்கு ஒரு தனித்துன்பம் உண்டு. உற்றார்க்கும் தெரியாது, கடைக்காரர்க்கும் தெரியாது. பலமுறை மருத்துவர்க்கும் நூலளவிலேயே தெரியும். ஆதலின் நோயாளி தானே தேடுகின்றார். தேடுமிடத்து அறிவும் அச்சமும் ஒரே எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன.

அக்காள் அப்பட்டியலை வேதவாக்காகக் கொண்டாள். முதலில் முகப்பூச்சு நீங்கிற்று. அடுத்துக் கூந்தற் கழுவி. அதன்பின் ஆச்சி வீட்டிலேயே செய்யும் சீயக்காயும் நலங்கு மாவும். ஆச்சியின் நலங்கு மாவிற் பாசிப்பயறு, கத்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி என்பன சேரும். (கார்போக அரிசி பெயரளவில் அரிசியேயன்றி அரிசியுமன்று, கோதுமையுமன்று, ஒருவகைச் செடியின் விதை. இப்பெயரைக் கேட்டே அக்காள் முதலில் ஐயுற்றாள்.) இவற்றுள் ஒன்றிலேனும் பசையம் இல்லை. ஆயினும் ஊரிலுள்ள மாவரைக்கும் மில்லிற் கோதுமையரைத்த எந்திரத்திலேயே இதனையும் அரைத்திருப்பர் என்றாள். அஃது உண்மையே. திருமணத்திற்கு முன்னாள் மாலை, உற்றார் நடுவில், ஆச்சி கிண்ணத்தோடு வந்து நலங்கு பூச நின்றபோது, அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். "ஏளா, எங் கையா ஒனக்கு நஞ்சு?" என்று ஆச்சி கேட்டது இன்றும் என் செவியிலுளது. அன்றிரவு ஆச்சி உண்ணவில்லை. யானோ, கற்றவன் என்னுஞ் செருக்கால், "ஆச்சிக்கு விஞ்ஞானம் தெரியாது" என்று அக்காள் பக்கம் பேசினேன்.

இப்பொழுது கற்றவற்றைக் கொண்டு பார்க்கின், விஞ்ஞானம் எனக்குந் தெரிந்திலது. பசையம் பெரிய மூலக்கூறுகளாலாயது. ஊறில்லாத தோலைக் கடந்து, குருதியிற் கலந்து, குடலை அடைதல் அதற்கு இயல்வதன்று. சீலியாக் நோயின் போர்க்களம் குடல், தோலன்று. தோலிற் பூசியது தோலிலேயே நிற்குமாயின், அதனால் இந்நோய் எழாது என்பதே மருத்துவர் பெரும்பாலார் துணிபு. ஐயுறுதற்குரியது ஒன்றே: பூசிய பொருள் வாய்வழி உட்செல்லுமோ என்பது.

இந்நோயோடு தொடர்புடைய தோல்நோய் ஒன்றும் உண்டு. முழங்கையிலும் முழங்காலிலும் பிட்டத்திலும் நீர்க்கொப்புளங்கள் குழுக்குழுவாக எழுந்து, பொறுத்தற்கரிய தினவைத் தரும். அமெரிக்க மருத்துவர் டூரிங் 1884-இல் இதனை விரித்துரைத்தார். புறத்தே தோன்றுதலின் புறப்பூச்சே ஏதுவென்று சோப்பை மாற்றியும் எண்ணெயை மாற்றியும் காலங்கழிப்பாருளர். ஏதுவோ அகத்தே சென்ற உணவு. தோலிற் காண்பதற்குத் தோலிலேயே காரணந் தேடுதல் மனித இயல்பு போலும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். "ஜப்பானில் நிகழ்ந்தது என்னை? ஆங்குச் சோப்பினாலேயே ஆயிரக்கணக்கானோர் கோதுமைக்குப் பகையாயினரே" என்று படித்தவர் வினவுவர். நிகழ்ந்தது உண்மை. ஆங்குப் பலரும் விரும்பி வாங்கிய முகச்சோப்பு ஒன்றில், நீரால் முறித்துச் சிறிதாக்கிய கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. நாடோறும் அந்நுரை முகத்திலும் கண்ணிமையிலும் பட, அதுவரை ரொட்டி உண்டு நலமாயிருந்தவர்கள் பின்னர் ரொட்டி உண்டதும் இமை வீங்கியும், மூச்சுத் திணறியும், சிலர் உணர்விழந்தும் வீழ்ந்தனர். 2011-இல் அச்சோப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. 2014-ஆம் ஆண்டளவில் இங்ஙனம் உற்றார் தொகை 2,111 எனக் கணக்கிடப்பட்டது. இதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் ஒரு விதி செய்து, ஒப்பனைப் பொருளிற் சேரும் இத்தகைய கோதுமைப் புரதத்துணுக்கின் அளவிற்கு வரம்பு கட்டிற்று. ஆயின் அங்கு எழுந்தது கோதுமை ஒவ்வாமை என்னும் வேறு நோய். ஒவ்வாமை நொடியிலும் நாழிகையிலும் எழுவது; தோலும் கண்ணும் அதற்கு வாயிலாகும். சீலியாக் நோயோ குடலில் மெல்ல மெல்ல நிகழும் அழிவு. இரண்டிற்கும் கோதுமையே பகையாதலின் இரண்டையும் ஒன்றென மயங்குதல் எளிது, யானும் மயங்கினேன். ஒரு பூச்சு பட்டவுடன் தடித்துத் தினவெடுக்குமாயின், சீலியாக் உடையாரும் இல்லாரும் அதனை நிறுத்தி மருத்துவரைக் காணல் வேண்டும். அத்தடிப்பைக் கொண்டு குடல்நோயை அளத்தல் கூடாது.

இனி வாயை ஒட்டிய பொருள்களைக் காண்பாம். உதட்டுச்சாயம், உதட்டுக்களிம்பு, பற்பசை, வாய்கொப்புளிக்கும் நீர் என்பன ஐயுறத்தக்கன. குழந்தைகள் பற்பசையை விழுங்குவது யாவரும் அறிந்ததே. 2019-இல் இத்தாலிய ஆய்வாளர் இத்தகைய 66 பொருள்களைச் சோதித்தனர். 62 பொருள்களில் உணவுக்குரிய வரம்பாகிய கிலோவுக்கு 20 மில்லிகிராமிற் குறைவாகவே பசையம் இருந்தது. மூன்று பற்பசையிலும் ஓர் உதட்டுச்சாயத்திலும் மட்டும் அவ்வரம்பு சிறிது கடந்தது. அந்நான்கின் சேர்மானப் பட்டியலிலும் கோதுமை முதலியவற்றின் பெயர் இல்லை. இதனைக் கேட்டு அஞ்சுவார் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. ஒரு சாயக்குச்சி மூன்றரை கிராம் என்று கொள்வோம். அதிற் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்னும் அளவிற் பசையம் கலந்திருப்பினும், குச்சி முழுவதையும் ஒரே நாளில் உண்டாலும் உட்செல்வது மில்லிகிராமில் எட்டிலொரு பங்கே. இந்நோயாளருட் பெரும்பாலார்க்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் வரை ஊறு செய்வதில்லை என்பது மருத்துவர் கொண்ட அளவு. ஐம்பது மில்லிகிராம் நாடோறும் சென்றாற் குடல் கெடும். ஒரு சப்பாத்தியிலுள்ள பசையமோ கிராமால் எண்ணத்தக்கது. கோதுமைப் புரதத்தையே வேண்டுமென்று சேர்த்த உதட்டுச்சாயம் இக்கணக்கிற்குப் புறம்பானது. அதனை விலக்குதல் தகும். எஞ்சியவற்றிற்கு இரவு கண்விழித்தல் மிகை.

உடம்பிற் பிடித்துவிடும் எண்ணெய்களின் செய்தி நம் பக்கத்தார்க்கு மிகவும் அணுக்கமானது. குற்றாலம் நம் மாவட்டத்திலன்றோ உளது! சாரற் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவார்முன் வரிசையாக அமர்ந்திருப்போரைக் காணாதவர் நம்முள் யார்? ஆங்கு வழங்கும் நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் பசையம் இயல்பாக இல்லை. நகரத்து மசாஜ் நிலையங்களில் வழங்கும் கலப்பெண்ணெய்களிற் கோதுமை முளையெண்ணெய் சேர்வதுண்டு. மலைக்கு மேற்பால் வழங்கும் வைத்திய முறைகளிலும் கவனிக்கத்தக்கன சில உள. பிள்ளைப்பேற்றின்பின் தாயர்க்குத் தேய்க்கும் தன்வந்தரம் தைலத்தின் கஷாயச் சரக்குகளில் யவம் ஒன்று. யவம் என்பது வாற்கோதுமையே. கோலகுலத்தாதி சூரணத்திலும் யவப்பொடி உண்டு. இடுப்பில் மாவினால் வரம்பு கட்டி எண்ணெய் ஊற்றி நிறுத்தும் கடிவஸ்தியில் அவ்வரம்பு உளுந்து மாவாலாவது. கோதுமை மாவு கலக்கும் இடங்களும் உண்டு. ஞவரக்கிழியோ அரிசியாலாயது, அதற்கு அஞ்ச வேண்டுவதே இல்லை.

இவற்றைக் கூறியது, தைலத்தை அஞ்சி ஓடுக என்றற்கன்று. தேய்த்துக்கொண்டு வெந்நீரில் நன்கு குளித்து, கையையும் நகக்கண்ணையும் கழுவியபின் உண்பார்க்கு இவற்றால் ஊறில்லை. ஆயின் உலர்ந்த பொடியை உடம்பில் உரைக்கும்போது எழும் தூசு மூக்கிலும் வாயிலும் சென்று விழுங்கப்படும்; பொடியிலுள்ளது யவமாயின் அதனைத் தவிர்க்க. தன்வந்தரத்தை உள்ளுக்கும் கொடுக்கும் வழக்கம் உண்டாதலின், அவ்விடத்து மருத்துவரிடம் நோயைச் சொல்லியே உட்கொள்ளல் வேண்டும். கைக்குழந்தையுள்ள தாயர் மார்பிலும் கையிலும் பூசுவதைப் பற்றியும் இதுவே: குழந்தையின் வாய் அங்கே வரும்.

ஆச்சியின் நலங்கு மாவையும் இவ்வளவையிட்டு நோக்கின் விடை எளிது. அரைக்கும்போது ஒட்டிய சிறு கோதுமைத் துகள் கன்னத்தில் அரை நாழிகை இருந்து நீரோடு போயிருக்கும். உதட்டில் மட்டும் படாமற் பூசுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தாற் போதும். சொல்லத் தெரிந்தவர் அங்கு ஒருவரும் இல்லை.

அவ்வாறாயின் அக்காளின் நோய் எதனால் மீண்டது? ஓர் உணவியல் அம்மையார் அவளை இருத்தி, காலை முதல் இரவு வரை உண்பனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டு, "சாம்பாரில் என்ன பெருங்காயம் போடுகிறீர்கள்?" என்று வினவினாராம். வீட்டிற்கு வந்து அடுப்பங்கரை அலமாரியிலிருந்த டப்பியை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினோம். கூட்டுப் பெருங்காயம், சேர்மானத்தில் முன்னிற்பது கோதுமை மாவு. பெருங்காயப் பிசின் மிகக் காரமானதாதலின் மாவும் கோந்தும் சேர்த்தே விற்பது வழக்கம். அரிசி மாவு சேர்த்துச் செய்வாரும் உளர். சாம்பாரில், இரசத்தில், மோரில், ஊறுகாயில், இட்டிலிப் பொடியில், நாடோறும் மூன்று வேளையும் அப்பெருங்காயம் அவளுட் சென்றது. குளியலறையிலிருந்த ஒவ்வொரு புட்டியையும் வெளியே எறிந்துகொண்டிருந்த அந்நாட்களில் அடுப்பங்கரைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். சொல்லக் கூசினேனாயினும் மறைப்பது நேர்மையன்று. திருவிருந்தின் அப்பம் கோதுமையாலாயது. கால் கிராம் எடையுள்ள மெல்லிய அப்பத்திலும் இருபது மில்லிகிராமுக்குக் குறையாத பசையம் இருக்கும். உதட்டுச்சாயத்தை விட்டொழித்த அக்காள், திங்கள்தோறும் அதனைப் பெற்றுவந்தாள். அஃது உணவென்று அவள் நினைவில் தோன்றவே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2003-இல் விடுத்த சுற்றுமடலில், பசையம் மிகக் குறைந்த அப்பத்தை இத்தகையார்க்கு ஒப்புக்கொண்டது. பசையமே இல்லாததை ஏற்றிலது. திராட்சை இரசம் மட்டும் பெறுதற்கும் இடமுண்டு. எங்கள் சபையின் ஐயரவர்களிடம் அக்காள் தன் நோயைச் சொன்னபோது, அவர் ஒரு சொல்லும் கேளாமல் அவளுக்கெனத் தனிக்கிண்ணம் முதலில் வைக்க ஏற்பாடு செய்தார். இரண்டாண்டாகக் கேளாமலிருந்தது எங்கள் குற்றம்.

"தேவைக்கு மேல் அஞ்சினாற் கேடென்ன? குறைவாக அஞ்சுவதினும் நன்றன்றோ?" என்பார்க்கு இதுவே என் விடை. அச்சத்திற்கும் விலையுண்டு. ஒருவர்க்குள்ள விழிப்பு ஓர் அளவுடையது. அதனைச் சோப்பிற்கும் எண்ணெய்க்கும் செலவிட்டபின் பெருங்காயத்திற்கு எஞ்சுவதில்லை. எங்கள் வீட்டில் அவ்விலை இரண்டாண்டு நோயும், ஒரு கிழவியின் கண்ணீரும்.

குற்றம் முழுவதும் எங்களதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி கூந்தல் நீராடிய நீரில் ஊறிய துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு என்று இளங்கோவடிகள் தொகை கூறினார். உரைகாரர் அத்தொகைக்குள் அடங்கிய சரக்குகளைப் பெயர் பெயராக எடுத்துரைத்தனர். ஒரு நாடகக் கணிகையின் குளியல் நீரில் என்ன இருந்ததென்று எத்தனையோ நூற்றாண்டு கழித்துத் தமிழ் மாணவன் அறிகின்றான். இன்று என் தங்கை தடவும் பூச்சில் என்ன உளதென்று அறிய அவனால் இயலவில்லை! சேர்மானம் அச்சிடப்படாமலில்லை, 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளும் அதனை வேண்டுகின்றன. ஆயின் எறும்பெழுத்தில், ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் உளது. கோதுமை அங்கே டிரிட்டிக்கம் வல்கேர் என்றும், வாற்கோதுமை ஹார்டியம் வல்கேர் என்றும், ரை என்பது சீகேல் சீரியல் என்றும் மாறுவேடம் பூண்டு நிற்கின்றன. ஓட்ஸ் அவேனா சட்டைவா எனப்படும். அது தானே பகையன்றாயினும் கோதுமையோடு கலந்துவருவது மிகுதி. உணவுப் பொட்டலத்திற் பசையமுள்ள தானியம் சேர்ந்தால் அதனை எடுத்துக்காட்டல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவுச் சீட்டு விதிகள் கூறுகின்றன. ஒப்பனைப் பொருளுக்கு அத்தகைய எச்சரிக்கையை விதிகள் வேண்டவில்லை. எல்லாப் பூச்சிற்கும் அது வேண்டுமென்று யானும் வாதிடேன். வாயில் இடுவனவும் உதட்டில் இடுவனவும் குழந்தைக்கு இடுவனவும் ஆகிய மூன்றிற்கேனும், கோதுமை, வாற்கோதுமை, ரை இவற்றினின்று வந்தது உளதா, இலதா என்று ஒரு வரி, விற்கும் நாட்டின் மொழியில் அச்சிடுதல் ஆகாத காரியமா? அச்சுக்கூலி உயர்ந்துவிடும் என்பாராயின், புட்டியின் மேலுள்ள நடிகையின் படத்தைச் சிறிது சுருக்கிக்கொள்ளலாம்.

அரசும் கம்பெனிகளும் செய்யுங்காறும் நாம் வாளா இருத்தல் வேண்டுவதன்று. நம் கல்லூரித் தாவர நூல் துறையார்க்கு அவ்விலத்தீன் பெயர்கள் மனப்பாடம். வேதிநூல் துறையார் எப்பொருள் எதனினின்று வடிக்கப்படுவதென்று அறிவர். தமிழ் வகுப்பாராகிய நாம் நல்ல பெயர் சூட்ட வல்லேம் என்று தருக்குடையேம். மூவரும் ஒரு விடுமுறையிற் கூடினால், சங்கரன்கோவிலிலும் தென்காசியிலும் உள்ள மருந்துக்கடைகளில் ஒட்டத்தக்க ஒரு பக்கத் தமிழ்ப் பட்டியல் ஆக்கலாம்: சீட்டில் இப்பெயரிருந்தாற் கோதுமை, இது வாய்க்காயின் விலக்குக, இது தோலுக்காயின் அஞ்சற்க, பெருங்காய டப்பியை முதலிற் பாருங்கள். இம்முறை, எழுதினார் யார், எந்நூல் கற்றார் என்பதையும் அடியிற் குறித்துவிடலாம்.

கடந்த கிறித்துமசு விடுமுறைக்குக் கரிவலம் சென்றிருந்தேன். பெருங்காயம் மாறி ஓராண்டாகின்றது. குருதிக்குறி பெரிதும் தணிந்ததென மருத்துவர் கூறினாராம். சனிக்கிழமை காலையில் முற்றத்தில் அக்காள் மணைமேல் அமர்ந்திருக்க, ஆச்சி பின்னே நின்று உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆச்சி, எண்ணெய்ப் புட்டியை என் முகத்திற்கு நேரே நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுய்யா" என்றார்கள். அது செக்கிலிருந்து வாங்கிவந்த எண்ணெய். புட்டியில் எழுத்தொன்றும் இல்லை.